ஆறு வீடுகளுக்கு ஒரு மீட்டர்

பெரியப்பா வீட்டுச் சுவரில் மின்சார மீட்டர் ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே ஆணியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தொங்கும். ரீடிங் எடுத்துப் போன மறுநாள் சாயங்காலம் ஆறு வீட்டுக்காரர்களும் அந்தத் திண்ணையில் கூடுவார்கள். மொத்தத் தொகையை ஆறால் வகுத்து, யார் கொடுத்தார், யார் பாக்கி என்று நோட்டில் எழுதுவது ஐந்தாம் வகுப்பிலிருந்து என் வேலை. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த பிறகும், ஊருக்குப் போனால் நோட்டு என் கைக்குத்தான் வரும்.

கொல்லிமலையில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தது. அதற்குப் பின் வந்த ஒரு கணக்கில் எங்கள் மீட்டர் 540 யூனிட் காட்டியது. கட்டணம் 2,270 ரூபாய். வீட்டுக்கு 378 ரூபாய். மிளகு பறித்த கூலியை முடிச்சிலிருந்து எடுத்து எண்ணிக்கொண்டே பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்: "ஏங்கண்ணு, நூறு யூனிட் வரைக்கும் ஓசின்னு டி.வி.ல சொல்றாங்களே, அது எந்த ஊருக்கு?"

எனக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அத்தை, அந்த நூறு யூனிட் மனிதருக்குக் கொடுக்கப்படவில்லை, மீட்டருக்குக் கொடுக்கப்படுகிறது. மீட்டர் யாருக்குக் கிடைக்கும் என்பதை நிலம் முடிவு செய்கிறது. நிலம் யாருக்கு என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

540-ஐ ஆறால் வகுத்தால் வீட்டுக்கு 90 யூனிட். ஆறு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் ஆறு வீட்டின் கட்டணமும் பூஜ்யம். 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் அல்லவா?

ஒரே மீட்டரில் ஓடியதால் என்ன ஆனது? 2022 விகிதப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை பறிபோகும். 101 முதல் 400 வரை எல்லாமே 4 ரூபாய் 50 காசு. 501-ஆவது யூனிட்டிலிருந்து 8 ரூபாய். ஆக 1,350 + 600 + 320 = 2,270. 2024 ஜூலையில் விகிதம் மறுபடியும் ஏறியது; இந்தக் கணக்கின் அநியாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் என்றால் நாளைக்கு ஒன்றரை யூனிட். சில பல்புகள், அரசு கொடுத்த மிக்சி, ஒரு டி.வி., செல்போன் சார்ஜர், இஸ்திரிப் பெட்டி, வெயில் காலத்தில் ஒரு காற்றாடி. இதற்கு மேல் அந்த வீடுகளில் எதுவும் இல்லை. ஆனால் கட்டண அட்டவணை இந்த ஆறு ஏழைக் குடும்பங்களையும் சேர்த்து ஒரே ஆளாகப் பார்க்கிறது. ஏ.சி. போட்டுத் தூங்கும் ஒரு பணக்காரர் என்று நினைத்துக்கொள்கிறது.

படிநிலைக் கட்டணத்தை நான் எதிர்க்கவில்லை. அதிகம் எரிப்பவர் அதிகம் கட்டட்டும் என்பது நியாயமான கொள்கைதான். ஆனால் அந்தக் கொள்கை நியாயமாக வேலை செய்ய ஒரு மீட்டருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்க வேண்டும். சமவெளிக்கு இறங்கிப் பாருங்கள். மாடி வீடுகளில் கீழ்த்தளத்துக்கு ஒரு மீட்டர், மேல்தளத்துக்கு ஒன்று, யாரும் குடியில்லாத மூன்றாவது தளத்துக்கு ஒன்று என்று மூன்று பெட்டிகள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒரு குடும்பத்துக்கு 300 யூனிட் இலவசம். மேலே மலையில் ஆறு குடும்பத்துக்கு 100 யூனிட். ஒரே அரசாணைதான், ஒரே மின்வாரியம்தான். பயன் மட்டும் தலைகீழாக ஓடுகிறது.

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

ஆறு வீட்டுக்காரர்களும் ஏன் தனி மீட்டர் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். மனு கொடுத்தவர்கள் உண்டு. "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்ற ஒரே கேள்வியில் திரும்பி வந்தார்கள். கேட்ட ஊழியர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த படிவம் அப்படி.

நாங்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்று எங்கள் பெரியவர்கள் பொருள் சொல்லும் பழங்குடி. எங்கள் நிலம் வாய்வார்த்தையில் கைமாறியது. தாத்தாவின் அப்பா பெயரில் ஒரு பட்டா இருக்கும். அதில் இன்று நான்கு தலைமுறைப் பங்காளிகள் குடியிருப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடையாது. இன்னும் சில வீடுகள் நிற்கும் இடத்தை வனத்துறை தன்னுடையது என்கிறது. காடு எங்களுடையதா, நாங்கள் காட்டுடையவர்களா என்ற கேள்வி எழும் முன்பே யாரோ கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் மீட்டர் உண்டு, அந்தப் பக்கம் நின்றால் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ கேட்டால் மின்சாரம் தர வேண்டியது விநியோகஸ்தரின் கடமை என்கிறது. குடியிருப்பவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். 2022-இல் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மின்சாரம் அடிப்படை வசதி என்றும், வீட்டு உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு அதை மறுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. வன உரிமைச் சட்டம் 2006, காட்டுப் பகுதிக் குடியிருப்புகளுக்கு மின்கம்பி கொண்டுபோக கிராம சபையின் பரிந்துரையோடு வனநிலத்தைப் பயன்படுத்த வழி வைத்திருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பு என்ன கேட்கிறது? உரிமையாளரின் சம்மதம் இல்லாதவர், சட்டப்படி குடியிருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும், வைப்புத்தொகையை இரண்டு மடங்காகக் கட்ட வேண்டும். நிலம் உள்ளவனுக்கு ஒரு மடங்கு, நிலமற்றவனுக்கு இரண்டு மடங்கு. நிலமற்றவர்கள் இந்த நாட்டில் யார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரை எழுதாத காரணம் இதுதான். தன் மீட்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒயர் இழுத்துக் கொடுப்பது, அனுமதிக்கப்படாத இடத்துக்கு மின்சாரம் பயன்படுத்தியது என்ற கணக்கில் அதே சட்டத்தின் 126-ஆவது பிரிவுக்குள் வரும். எவ்வளவு காலமாக என்று தெரியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும், இரண்டு மடங்கு விகிதத்தில் மதிப்பீடு போடலாம். 43-ஆவது பிரிவு எங்கள் மலைக்கு ஏறி வர இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. 126-ஆவது பிரிவுக்கு ஒரு மதியம் போதும்.

கம்பி ஊரோடு நின்ற கதை

மீட்டர் ஒரு இயந்திரம், அதற்கு ஏது சாதி என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள்.

ஒன்று. தமிழ்நாட்டின் மின்வாரியப் புள்ளிவிவரங்களில் மின்வசதி பெற்ற கிராமங்கள் என்று ஒரு கணக்கும், மின்வசதி பெற்ற ஆதிதிராவிடர் காலனிகள் என்று இன்னொரு கணக்கும் தனியாக வந்தன. ஊரும் சேரியும் ஒன்று என்றால் எதற்கு இரண்டு கணக்கு?

இரண்டு. மின்வசதி பெற்ற கிராமம் என்றால் என்ன என்பதற்கு மத்திய அரசு 2004-இல் கொண்டுவந்த வரையறையில், குடியிருப்புப் பகுதியோடு தலித் குடியிருப்பிலும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் இருக்க வேண்டும் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. எழுதாவிட்டால் கம்பி ஊரோடு நின்றுவிடும் என்பது டெல்லிக்கே தெரிந்திருந்தது. அதே வரையறையில் இன்னொரு வரியும் உண்டு: மொத்த வீடுகளில் பத்து சதவீதத்துக்கு இணைப்பு இருந்தால் போதும், கிராமம் மின்வசதி பெற்றதாகிவிடும். 2018 ஏப்ரலில் நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிரதமர் அறிவித்தது இந்த வரையறையின் மேல் நின்றுதான்.

எங்கள் மலைக்குக் கம்பி வந்தது உண்மை. ஆனால் கம்பி ஊருக்கு வருவதும் மீட்டர் வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல. எங்கள் ஓடைகளின் தண்ணீரைத் திருப்பி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்க நீர்மின் திட்டம் ஒன்றை வாரியம் வகுத்திருக்கிறது. ஆகாயகங்கை அருவி வற்றிவிடும் என்று அஞ்சி மலை மக்கள் எதிர்த்தார்கள். தண்ணீர் எடுக்கும்போது எங்களிடம் யாரும் பட்டா கேட்கவில்லை.

எங்கள் திண்ணையும் சுத்தமில்லை

இதுவரை எழுதியது அரசைப் பற்றி. அத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மை சொன்னவள் ஆவேன்.

எங்கள் ஊரின் ஓரத்தில் ஏழாவதாக ஒரு வீடு இருக்கிறது. ஆதிதிராவிடர் குடும்பம். கீழேயிருந்து பிழைக்க வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கே மண்ணெண்ணெய் விளக்கு. பின்னால் ஒரு சோலார் விளக்கு. அந்த வீட்டுப் பெண் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஒருமுறை அவளுடைய அப்பா வந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், மற்ற வீடுகளைப் போலப் பங்கு கொடுத்துவிடுகிறேன் என்று. பெரியப்பா முடியாது என்று நேராகச் சொல்லவில்லை. "லோடு தாங்காதுப்பா" என்றார். அடுத்த மாதமே சித்தப்பா மகன் புதிதாகக் கட்டிய அறைக்கு அதே பெட்டியிலிருந்து ஒயர் போனது. லோடு தாங்கியது.

பழங்குடிகளிடம் சாதி இல்லை என்று நகரத்துத் தோழர்கள் சிலர் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒயர் ஞாபகம் வரும். நாங்கள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்பவர்கள். காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் வழி என்று கதை சொல்லிக்கொள்பவர்கள். கீழே எங்களை மலைக்காரன் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பதில், மேலே ஒரு குடும்பத்தை ஒதுக்குவதாக இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஆறு வீடு என்ற பற்றாக்குறையை அரசு உண்டாக்கியது. அந்தப் பற்றாக்குறையில் ஏழாவது வீட்டை வெளியே நிறுத்தியது நாங்கள். நோட்டில் ஆறு பெயரை எழுதிக் கோடு போட்டது என் கை.

சப்-மீட்டர் என்னும் கீழ்ப்படி

மலையிலிருந்து படிக்க இறங்கினால் கதை தொடர்கிறது. சமவெளி நகரம் ஒன்றில் வாடகை அறை தேடினேன். "எந்த ஊர், என்ன ஆளுங்க" என்ற கேள்விகளைத் தாண்டி ஒரு மாடி அறை கிடைத்தது. கதவுக்கு வெளியே ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றார் வீட்டுக்காரர். நான் இரண்டு மாதத்தில் 70 யூனிட் எரித்தேன். 700 ரூபாய் கொடுத்தேன். எனக்கென்று மீட்டர் இருந்திருந்தால் ஒரு பைசா இல்லை.

எதிர்த்துக் கேட்டால் அறை போய்விடும். அடுத்த அறைக்கு மறுபடியும் "என்ன ஆளுங்க" என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். வீடு கிடைப்பதே சாதியைப் பொறுத்தது என்னும்போது, கிடைத்த வீட்டில் கரண்டுக்குப் பேரம் பேசும் தெம்பு யாருக்கு இருக்கும்? சப்-மீட்டர் வாடகைக்கு இருக்கும் எல்லாரையும் சுரண்டுகிறது என்பது சரி. ஆனால் வேறு வீடு பார்த்துக்கொள்ள முடிந்தவரையும் முடியாதவரையும் அது ஒரே மாதிரி சுரண்டுவதில்லை.

அம்பேத்கர் பார்த்த மின்சாரம்

அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943-இல் போருக்குப் பிந்தைய மின் வளர்ச்சி பற்றிய கொள்கைக் குழுவுக்குத் தலைமை வகித்துப் பேசினார். மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944-இல் அமைந்தது அவர் காலத்தில்தான். இந்தியாவின் வறுமைக்குத் தொழில்மயமாதல்தான் வழி, அதற்கு மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கிராமத்தின் நிலவுடைமையிலிருந்து சாதியால் நசுக்கப்பட்டவர்களை விடுவிக்கும் கருவியாக நவீனத் தொழிலைப் பார்த்தவர் அவர். அந்த மின்சாரம் இன்று மறுபடியும் நிலவுடைமையின் வாசலில் நின்று பட்டா கேட்கிறது.

வாரியம் கடனில் இருக்கிறதே?

இருக்கிறது. நாங்கள் புதிதாக ஒரு இலவசமும் கேட்கவில்லை. ஏற்கெனவே அறிவித்ததைக் குடும்பக் கணக்கில் கொடுங்கள் என்கிறோம். ஆறு ஏழைக் குடும்பங்களிடம் 2,270 ரூபாய் வாங்கித்தான் வாரியம் நிமிரும் என்றால், மூன்று பெட்டி மாட்டிய மாடி வீட்டில் தொடங்குங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். மத்திய அரசின் விதிகள் முன்கூட்டியே பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டரை நோக்கித் தள்ளுகின்றன. 2023-இல் செய்த திருத்தம், உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணமும் பகல் வெயில் நேரத்தில் குறைந்த கட்டணமும் வைக்கச் சொல்கிறது. பகல் முழுக்கக் காட்டிலும் மேட்டிலும் வேலை செய்பவர், பொழுது சாய்ந்து வந்துதான் விளக்குப் போடுகிறார்; கட்டணம் ஏறும் நேரமும் அதுதான். செல்போன் சிக்னலுக்கே பாறை மேல் ஏறி நிற்கும் ஊரில், ரீசார்ஜ் தீர்ந்த இரவில் என்ன செய்வார்? பணக்கார நாடான பிரிட்டனிலேயே, கடன் வைத்தவர்களின் வீடுகளுக்குள் வாரண்டோடு நுழைந்து முன்பண மீட்டரைப் பொருத்தியது 2023 பிப்ரவரியில் அம்பலமாகி, ஒழுங்குமுறை ஆணையம் அதை நிறுத்தச் சொல்ல நேர்ந்தது. தமிழ்நாட்டில் அதானி குழும நிறுவனம் குறைந்த விலை கேட்டிருந்த ஸ்மார்ட் மீட்டர் டெண்டரை 2024 டிசம்பர் இறுதியில், அந்த விலையும் அதிகம் என்று வாரியம் ரத்து செய்தது. நல்லது. ஆனால் எந்த நிறுவனத்தின் மீட்டர் என்பது மட்டுமல்ல கேள்வி. எந்த வீட்டுக்கு மீட்டர் என்பதும் கேள்வி.

என்ன கேட்கிறோம்

இலவச 100 யூனிட்டை மீட்டர் கணக்கில் அல்லாமல் குடும்பக் கணக்கில் கொடுங்கள். தனி மீட்டர் வரும்வரை, ஒரு மீட்டரில் ஆறு குடும்ப அட்டைகள் இருந்தால் 600 யூனிட்டைக் கழியுங்கள்.

குடியிருப்புக்குக் குடும்ப அட்டையோ வீட்டு வரி ரசீதோ கிராம சபைத் தீர்மானமோ போதும் என்று விதியைத் திருத்துங்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு இரு மடங்கு வைப்புத்தொகையை நீக்குங்கள். இணைப்புக் கிடைக்காததால் ஒயர் பகிர்ந்தவர்கள் மீது 126-ஆவது பிரிவைப் பாய்ச்சாதீர்கள்.

சப்-மீட்டரில் வாங்கும் தொகை வாரியத்தின் விகிதத்தைத் தாண்டக் கூடாது, இலவச யூனிட்டின் பங்கு வாடகைக்காரருக்கும் சேர வேண்டும் என்று சட்டம் போடுங்கள்.

2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்ன மாதாந்திரக் கணக்கெடுப்பு என்ன ஆனது என்று சொல்லுங்கள். சமூகநீதி அரசு என்று பெயர் சொல்லிக்கொள்ளும் அரசிடம்தான் இதைக் கேட்க முடியும், அதனால்தான் கேட்கிறோம்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு மீட்டர், எந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று எண்ணுங்கள். ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை, ஒரு நோட்டுப் போதும்.

அடுத்த கிராம சபைக்கு நான் ஊருக்குப் போகிறேன். தனித்தனி மீட்டர் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். பெரியப்பா வாங்கிப் படித்துவிட்டு, "ஏழு பேர் இருக்கே, ஆறுதானே நாம?" என்றார். ஏழுதான் என்றேன். ஏழாவது பெயர் இல்லாமல் கொடுப்பதாக இருந்தால் மனுவை நான் எழுதவே மாட்டேன் என்றேன். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அத்தை போட்டுவிட்டார்.